நிலுவை

விமானப்படையில் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றல் ஆணை வந்ததும் கையில் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். க்ளியரன்ஸ் என்று சொல்வோம். அதை எடுத்துக்கொண்டு நூலகம், மெஸ், ஆடைக் கிடங்கு, விளையாட்டுப் பிரிவு, மருத்துவப் பிரிவு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அங்கிருப்பவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த ஆளிடமிருந்து வரவேண்டியது எதுவுமில்லை என்று கையொப்பமிடுவார். கடைசிக் கையொப்பமும் விழுந்த பிறகே அந்த ஊரைவிட்டுப் புறப்பட முடியும். 1981 முதல் 2001 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தப் படிவத்தை ஏழு முறை சுமந்து நடந்திருக்கிறேன். ஜாலஹள்ளி, புனே, பரேலி, ஜோர்ஹாட், ஜோத்பூர், ஆதம்பூர், கடைசியாகத் தாம்பரம். ஏழு ஊர்களிலும் என் பெயரில் நிலுவை ஏதுமில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை எவ்வளவு பொய்யானது என்பதை 2004ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்வதற்கு முன் ஜோர்ஹாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1989இல் திருமணமாகி ஓராண்டு முடிந்திருந்தபோது அஸ்ஸாமிலுள்ள ஜோர்ஹாட்டுக்கு மாற்றலானேன். திருச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஹவுரா, ஹவுராவிலிருந்து குவாஹாத்தி, அங்கிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் மரியானி என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். வெள்ளைப் பெயின்டில் என் பெயரும் எண்ணும் எழுதிய இரண்டு கறுப்பு டிரங்குப் பெட்டிகளும், மூன்று மரப்பெட்டிகளும் எங்கள் சொத்து. மரப்பெட்டி ஒன்றில் வைக்கோல் திணித்து ஓர் ஆட்டுக்கல் இருந்தது. என் மாமியார் மகளுக்குக் கொடுத்த சீர் அது. உறையூரில் அதை வண்டியில் ஏற்றும்போதே, அஸ்ஸாமில் கல்லே கிடைக்காதா என்று என் தம்பி கேலி செய்தான்.

பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் லுங்கியுடன் வந்து, கேட்காமலேயே ஒரு பக்கம் பிடித்தார். கனம் தாங்காமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மதராஸி, உள்ளே என்ன, உங்கள் ஊர்க் கோயிலா?" என்று இந்தியில் கேட்டார். ஜல்பைகுரியைச் சேர்ந்த வங்காளி. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நானும் அவரும் ஒரே பிரிவில் ரேடியோக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள். அன்று முதல் அவர் எனக்குத் தாதா. நான் அவருக்கு மதராஸி. அந்தச் சொல்லை வடக்கே பலர் பல தொனிகளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வாயில் அது ஒரு செல்லப்பெயராகவே இருந்தது.

என் மனைவிக்கு அப்போது தமிழ் மட்டுமே தெரியும். தாதாவின் மனைவிக்கு வங்காளமும் கொஞ்சம் இந்தியும். இவள் அவரைத் தீதி என்று அழைக்கக் கற்றுக்கொண்டதே ஒரு வாரம் கழித்துத்தான். இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜோர்ஹாட்டின் மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. தீதி அந்தப் பாத்திரத்தைத் தன் ரஜாய்க்குள் குழந்தையைப் போலச் சுற்றி அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். காலையில் பொங்கிய மாவை இரு வீட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் சத்தத்தில்தான் பல நாள் எனக்கு விழிப்பு வரும்.

படைக் குடியிருப்புகளில் நட்பு இப்படித்தான் உண்டாகிறது. ஆராய்ந்து தேர்ந்தெடுக்க அவகாசமில்லை. வள்ளுவர் நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வைத்திருக்கிறார். அவற்றில் இரண்டாவது நட்பாராய்தல், மூன்றாவது பழைமை. நெடுநாள் பழகியவர்கள் ஒருவர்மீது ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது பழைமை. எங்கள் வாழ்க்கையில் ஆராய்வதற்கும் நேரமில்லை, பழையதாவதற்கும் நேரமில்லை. மூன்றாண்டில் இவர் ஒரு திசை, நான் ஒரு திசை. ஆகவே பத்தாண்டு பழகியவர்கள் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பத்தாம் நாளே எடுத்துக்கொண்டோம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதும், சர்க்கரை டப்பாவைக் கேட்காமல் திறப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையை அடித்துக் கண்டிப்பதும் அங்கே இயல்பு.

1990 ஆகஸ்டில் எங்கள் மகன் பிறந்தான். விமானப்படை மருத்துவமனையில் என் மாமியார் நிற்க வேண்டிய இடத்தில் தீதி நின்றார். பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, அப்பா கவலைக்கிடமாக இருப்பதாகத் தந்தி வந்தது. கைக்குழந்தையோடு ஐந்து நாள் ரயிலில் போக முடியாது. கையில் பணமும் இல்லை. தாதா ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் வைத்தார். "நீ போ. இவர்கள் இங்கே இருப்பார்கள்" என்றார். நான் உறையூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பிதான் கொள்ளி வைத்திருந்தான். காரியங்கள் முடித்துத் திரும்ப இருபத்தாறு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் என் மனைவியும் குழந்தையும் தாதா வீட்டில் இருந்தார்கள். திரும்பியபோது என் மகன் தாதாவின் மார்மீது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கை நீட்டியதும் என்னை அடையாளம் தெரியாமல் அழுதான்.

1992இல் எனக்கு ஜோத்பூர் ஆணை வந்தது. க்ளியரன்ஸ் படிவத்தில் கையொப்பங்கள் வாங்கி முடித்த மாலையில் நேராகத் தாதா வீட்டுக்குப் போனேன். பாக்கியிருந்த எண்ணூறு ரூபாயை எண்ணி மேசைமீது வைத்து, "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் தாதா, நிலுவை இல்லை என்று" என்று சிரித்தேன். அவர் பணத்தை எடுக்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் கணக்கு முடிந்தது, இல்லையா?" என்றார். நான் அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆட்டுக்கல்லை ராஜஸ்தான்வரை சுமக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். தீதி அதைத் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். "இது உன்னுடையது. நான் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்" என்று என் மனைவியிடம் சொன்னார். மசாலா அரைக்க அவர்களிடம் தட்டையான கல் ஒன்று இருந்தது. ஆட்டுக்கல் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாதது.

அதன்பின் ஜோத்பூரிலும் ஆதம்பூரிலும் தாம்பரத்திலும் புதிய அண்டை வீடுகள், புதிய நண்பர்கள். என் மகனும் மகளும் கேந்திரிய வித்யாலயாவிலிருந்து கேந்திரிய வித்யாலயாவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1963இல் அந்தப் பள்ளிகளைத் தொடங்கியதே எங்களைப் போல ஊர் ஊராக மாற்றலாகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். எந்த ஊருக்குப் போனாலும் அதே பாடத்திட்டம் இருக்கும். அதே தோழர்கள் இருக்கமாட்டார்கள். ஆதம்பூரைவிட்டுப் புறப்பட்ட அன்று மகன் அழவேயில்லை. எட்டு வயது. "அங்கே வேறு பையன்கள் இருப்பார்கள்" என்றான். நல்லவேளை, சமத்தாக இருக்கிறான் என்று நினைத்தேன். அவன் என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

தாதா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாற்றலின்போதும் புதிய முகவரியுடன் ஓர் இன்லேண்ட் கடிதம். தீதி என் மனைவிக்கு எழுதும் நாலு வரி அதன் அடியில் வங்காளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவது எங்களுக்கு ஒரு வேலை. ஆட்டுக்கல் பத்திரமாக இருக்கிறது என்பது அந்த நாலு வரியில் தவறாமல் இருக்கும். இரண்டு மாற்றல்களில் அது அவர்களோடு பயணம் செய்திருந்தது.

2001இல் ஓய்வு பெற்று உறையூர் வந்தேன். முப்பத்தெட்டு வயது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கியொன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. இனி மாற்றல் இல்லை, சொந்த ஊர், பள்ளித் தோழர்கள் என்று பெரிய கனவோடு வந்திருந்தேன். தோழர்கள் அன்பாகத்தான் நடத்தினார்கள். ஆனால் தேநீர்க் கடையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் நான் இல்லாத இருபது ஆண்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியபின் யாரும் சிரிப்பதில்லை. வங்கியில் என்னைவிடப் பத்து வயது இளையவர்களிடம் பணம் எண்ணும் முறையைக் கற்றுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான், 2003 தொடக்கத்தில், தாதாவின் கடிதம் கார் நிக்கோபாரிலிருந்து வந்தது. பணி நீட்டிப்புப் பெற்று அங்கே போயிருந்தார். வீட்டு வாசலிலிருந்தே கடல் தெரிகிறது, தென்னை மரங்களைப் பார்த்தால் உன் ஊர் நினைவு வருகிறது, குடும்பத்தோடு வா, கல்லையும் கொண்டுவந்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். பதில் எழுத வேண்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். எழுதவில்லை. வேலைப் பளு என்று சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. விமான ஓடுதளமும் சீருடையும் இருக்கும் அவருடைய உலகத்துக்கு, காசாளர் கூண்டில் அமர்ந்திருக்கும் நான் என்ன எழுதுவது என்ற கூச்சம். 2004 புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. முந்தையதற்கே பதில் எழுதவில்லையே என்ற குற்றவுணர்வில் அதற்கும் எழுதவில்லை. குற்றவுணர்வும் ஒருவகைச் சோம்பல்தான். ஒவ்வொரு நாளும் வட்டி ஏற, கடன்காரன் தெருவை மாற்றிக்கொண்டு நடப்பதைப் போல.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையில் மெல்லிய அதிர்வு என்றார்கள். பிறகு சென்னைக் கடற்கரை, கடலூர், நாகப்பட்டினம் என்று செய்திகள் வரத் தொடங்கின. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். வீரர்களும் குடும்பத்தினருமாக நூறு பேருக்குமேல் அங்கே மாண்டார்கள். வாசலிலிருந்தே கடல் தெரிகிறது என்ற அந்த வரி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

உதவி எண்களில் இணைப்பு கிடைக்கவில்லை. இரவெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டு அழுதேன். என் மனைவி அழவில்லை. பரணிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை இறக்கினாள். பதினைந்து ஆண்டுகளாக அவள் சேர்த்து வைத்திருந்த முகவரிகள், தொலைபேசி எண்கள். எல்லாம் தமிழில். பெயர் வாயில் நுழையாதவர்களுக்கு அவளே அடையாளம் எழுதியிருந்தாள். ஜோத்பூர் பச்சைக் கதவு வீடு. ஆதம்பூர் லஸ்ஸி அம்மா. அந்தப் புத்தகம் இருப்பதே எனக்குத் தெரியாது.

லஸ்ஸி அம்மா ஜலந்தரில் இருந்தார். அவருக்குத் தாதா குடும்பத்தைத் தெரியாது, ஆனால் பாலக்காட்டில் இருக்கும் ஒரு பெண்மணியைத் தெரியும். பாலக்காட்டுப் பெண்மணி ஜோர்ஹாட்டில் எங்கள் பின்வரிசையில் இருந்தவர். அவர் பரேலியில் ஒருவரைச் சொன்னார். மூன்று நாள், ஐந்து பெண்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திகூட, யார் நீ, இத்தனை ஆண்டு எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. பேச்சு முடியும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: தெரிந்ததும் எங்களுக்கும் சொல்.

29ஆம் தேதி இரவு தகவல் கிடைத்தது. தாதா அங்கே இல்லை. ஜூலை மாதமே மாற்றலாகி, வங்காளத்தில் கரக்பூருக்குப் பக்கத்திலிருக்கும் கலைகுண்டாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். எண்ணைக் குறித்துக்கொள்ளக் காகிதம் தேடி இழுப்பறையைத் திறந்தேன். வங்கிக் காகிதங்களுக்கு அடியில் ஓர் இன்லேண்ட் கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஆகஸ்ட் மாத முத்திரை. கையெழுத்தைப் பார்த்ததுமே உள்ளே போட்டிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். அனுப்புநர் முகவரியில் கலைகுண்டா என்று எழுதியிருந்தது. பிரித்துப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். உயிரோடு இருந்த மனிதருக்காக நான்கு நாள் துக்கம் காத்திருக்கிறேன், அவர் உயிரோடு இருப்பதற்கான சாட்சியத்தை என் மேசையிலேயே வைத்துக்கொண்டு.

மனைவியிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

என் குரலைக் கேட்டதும் தாதா சிறிது நேரம் பேசவில்லை. நான் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் அவரும் அழுகிறார் என்று புரிந்தது. எனக்காக அல்ல. ஐந்து மாதத்துக்கு முன் தன்னை வழியனுப்பி வைத்தவர்களுக்காக. அவருடைய வரிசையிலேயே நான்காவது வீட்டுக்காரர் குடும்பத்தோடு போய்விட்டார். பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தெரியாத பெயர்கள். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டேன். என் நண்பர் பிழைத்துவிட்டார் என்று சற்றுமுன் நான் அடைந்த மகிழ்ச்சி அந்தப் பெயர்களின் முன்னால் வெட்கப்பட்டு நின்றது. ஆட்டுக்கல்லைத் தீதி அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர்கள் காலி செய்த வீட்டுக்கு மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்ததாம். தமிழ்ப் பெண்ணாயிற்றே, பயன்படும் என்று கொடுத்தாராம். அவர்கள் உயிர் தப்பிவிட்டார்கள். வீடு இல்லை. கல் மணலுக்கடியில் எங்கோ இருக்க வேண்டும். "உன் மனைவியிடம் தீதியை மன்னிக்கச் சொல். பன்னிரண்டு வருடம் காப்பாற்றியதை விட்டுவிட்டோம்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது இந்த உறையூரில்தான் என்பார்கள். பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் அவனும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. அவர் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றபோது, வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்றான் சோழன். வந்தார். புறநானூறு சொல்லும் இந்தக் கதையைப் பள்ளியில் படித்த நாளிலிருந்து வந்தவரின் பெருமையாகவே நினைத்திருந்தேன். இப்போது எனக்கு இடம் வைத்தவனின் பெருமையே பெரிதாகத் தெரிகிறது. மூன்று கடிதங்களால் தாதா எனக்கு இடம் வைத்திருந்தார். நான்தான் போகவில்லை.

மலையாளத்தில் பட்டாளக் கதை என்று ஒரு மரபே உண்டு. கோவிலன், பாறப்புறத்து, நந்தனார் எல்லோரும் படையில் இருந்தவர்கள். தமிழில் நான் தேடிப் படித்தவரை அப்படி ஒரு மரபு உருவாகவில்லை. யாரேனும் எழுதினால், போர்முனையை மட்டுமல்லாமல் அந்த நோட்டுப் புத்தகத்தையும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையில் நட்பு தானாக நிலைப்பதில்லை. யாரோ ஒருவர் மெனக்கெட்டு அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது, பயனில்லாத கல்லைச் சுமப்பதுபோல. எங்கள் வீட்டில் அதை என் மனைவி செய்தாள். நான் பெட்டிகளை மட்டுமே சுமந்தேன்.

2005 கோடையில் தாதாவும் தீதியும் உறையூர் வந்து பத்து நாள் இருந்தார்கள். பள்ளி இறுதி வகுப்புக்கு முந்தைய ஆண்டில் இருந்த என் மகன், தன்னை மார்மீது தூங்க வைத்தவரிடம் முதலில் கூச்சத்தோடு நின்றான். போகும்போது ரயில் நிலையத்தில் அழுதான். அந்த அழுகை எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தவறாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தீதி தன் கம்பளிச் சால்வையை மறந்து வைத்துவிட்டுப் போனார். திருச்சி மே மாதத்தில் கம்பளிச் சால்வை எதற்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. பார்சலில் அனுப்பிவிடலாமா என்று மட்டும் கேட்டேன். "சும்மா இருங்க. அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் மனைவி. இன்னும் இருக்கிறது.

தாதா இப்போது ஜல்பைகுரியில் இருக்கிறார். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஹெட்போன் மாட்டியிருந்த காதுகள் அவருக்கு மங்கிவிட்டன. தொலைபேசியில் நான் ஒன்று சொன்னால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். அதனால் மறுபடியும் கடிதத்துக்கே வந்துவிட்டோம். தபால் நிலையத்தில் நாலைந்து இன்லேண்டாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். நேற்று ஒன்று எழுதினேன். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டு வைக்கிறேன். தோட்டத்தில் பாக்கு எப்படி, முழங்கால் வலி எப்படி என்று சாதாரணக் கேள்விதான். அவர் பதில் எழுத வேண்டும். அவரும் ஒரு கேள்வி கேட்பார். நான் எழுத வேண்டும்.